மதிய நேரத்துச் சூடு

ஏப்ரல் 7, திங்கள்

புது மெஷின் நேற்று முடிந்தது. ஆறு மாதமாக ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து, என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை இல்லாத நேரத்தில் பூட்டி, இப்போது வீட்டின் உள் அறையில் உட்கார்ந்திருக்கிறது. வாடிக்கையாளர்களின் செத்துப்போன ஹார்ட் டிஸ்குகளில் இருந்து போட்டோவையும் கணக்கையும் மீட்டெடுக்க இனி இதுதான். காலையில் ஒரு டிஸ்கைப் போட்டால் இரவு படுக்கும் வரை ஓடும், நடுவில் அணைக்கக் கூடாது. ஈரோட்டில் பங்குனி வெயிலே மண்டையைப் பிளக்கிறது. அக்னி நட்சத்திரம் வேறு வரப்போகிறது. அதனால் சூட்டைக் கவனிக்க ஒரு மானிட்டரிங் சாப்ட்வேர் போட்டேன். பிராசசர் சூடு, ஃபேன் வேகம், வோல்டேஜ் எல்லாவற்றையும் கோடு இழுத்துக் காட்டும். கடையில் இருந்தபடி போனிலும் பார்க்கலாம்.

முழு வெர்ஷனுக்குக் காசு கேட்கிறான். எங்கள் லைனில் காசு கொடுத்து சாப்ட்வேர் வாங்குகிறவன் எவன்? டெலிகிராமில் கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி, கிடைத்தது. ஆன்ட்டிவைரஸ் குரைத்தது. கிராக் என்றாலே அது குரைக்கத்தான் செய்யும். அதன் வாயை மூடிவிட்டு இன்ஸ்டால் பண்ணினேன்.

எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். 41 டிகிரி. அருமை.

டிஸ்ட்ரிபியூட்டர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. நல்ல டெக்னீஷியன் ரீடிங்கைக் குறித்து வைப்பான். இனி குறிக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

ஹாலில் சீலிங் ஃபேன் காயில் எரிந்து ஒரு மாதம் ஆகிறது. கட்டக் கொடுக்க நேரமில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்த ஸ்டாண்டு ஃபேனை இன்று உள் அறைக்கு மாற்றி மெஷினுக்கு நேராக வைத்தேன். ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்த சிந்துஜா ஃபேன் போவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

சிந்துஜா என் மனைவி. கல்யாணமாகி நாலு வருஷம். எம்.எஸ்சி. பிசிக்ஸ், பி.எட். நான் டிப்ளமோ. இதைச் சொல்லிக்காட்டும் பெண் இல்லை, ஆனால் சொல்லாமல் இருப்பதிலும் ஒரு தினுசு இருக்கிறது. அரசு ஆசிரியர் தேர்வு மே 18ஆம் தேதி வருகிறது. போன தடவை இரண்டே மார்க்கில் கோட்டை விட்டாள். இதுதான் கடைசித் தடவை என்று அவள் அப்பாவை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இதிலும் போனால் புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு என் கடையில் பில் போட வர வேண்டும். தலையாட்டினாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அலறியது. பிராசசர் 88 டிகிரி. டிஸ்க் மீட்கிற வேலைக்கு இவ்வளவு சூடாகாது. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். அறைக்குள் ஓடி மவுஸைத் தொட்டால் மளமளவென்று இறங்கி 43. ஃபேனும் சத்தம் அடங்கிவிட்டது. சிந்துஜா எட்டிப் பார்த்து, “என்னாச்சுங்? சாப்பாட்டுக்கு நேரமாகலயே?” என்றாள்.

ஏப்ரல் 12, சனி

தூசி ஊதினேன். பழைய பேஸ்டை வழித்துவிட்டு, பிராசசர் சூட்டை இழுக்கிற நல்ல தெர்மல் பேஸ்ட் வைத்தேன். மெஷினுக்குள் இருக்கும் ஃபேனை மாற்றினேன். மதியம் மறுபடியும் 88.

கடைக்கு ஒரு மஞ்சள் மண்டிக்காரர் பதறிக்கொண்டு வந்தார். அவர் கம்ப்யூட்டர் நூற்று இருபத்தேழு டிகிரி காட்டுகிறதாம். “கொதிக்குதுன்னு போட்ருக்குதுங், தொட்டா சில்லுனு இருக்குதுங்” என்றார். சிரித்துவிட்டேன். போர்டில் சில இடங்களில் சென்சாரே இருக்காது. சாப்ட்வேருக்கு அது தெரியாது, ஒன்றும் இல்லாத இடத்தையும் படித்து ஒரு நம்பரைப் போட்டுவிடும். விவரம் தெரியாதவன் அதைப் பார்த்து அலறுவான். இதை விளக்கிச் சொல்லி அனுப்பினேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. கடை லீவு. பாயசம். பகல் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து, மவுஸில் கை வைத்துத் தள்ளித் தள்ளிப் படம் பார்த்தேன். 42, 43. அதைத் தாண்டவே இல்லை.

நான் இருந்தால் குளிர்ச்சி. நான் இல்லாவிட்டால் சூடு.

ஏப்ரல் 16, புதன்

மதியம் 87 ஆனதும் கடையில் இருந்தே ரிமோட்டில் மெஷினுக்குள் நுழைந்தேன். என் மவுஸ் அம்பு அங்கே அசைந்த நொடியே சூடு இறங்கத் தொடங்கியது. அதாவது, ஸ்கிரீனில் அம்பு அசைவதைப் பார்த்ததும் யாரோ எதையோ மூடிவிட்டார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஆள்.

பிரவுசர் ஹிஸ்டரியைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த மாதிரி சுத்தம். இவ்வளவு சுத்தமாக இருப்பதே சரியில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். “மத்தியானத்துல கம்ப்யூட்டர்ல என்ன பண்ற?”

“நான் அதத் தொடறதே இல்லீங். உங்குளுக்குப் புடிக்காதுன்னு தெரியும்ல.”

“தொடாம எப்படிச் சூடாகும்?”

“வேற ஏதாச்சும் ஓடுதா பாருங். மிசினுக்குள்ளயே ஏதாச்சும் இருக்கும்.”

எனக்கே பாடம் எடுக்கிறாள். பதினோரு வருஷமாக இந்த ஊரில் மெஷினைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். என் மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 19, சனி

கீபோர்டு மேல் லேசாகப் பவுடர் தூவிவிட்டுக் கடைக்குப் போனேன். மதியம் 88. திரும்பி வந்து பார்த்தால் பவுடர் கலையவே இல்லை. கெட்டிக்காரி. வேலை முடிந்ததும் துடைத்துவிட்டுத் திரும்பத் தூவியிருக்கிறாள். பவுடர் டப்பா அவள் அலமாரியில்தானே இருக்கிறது?

ஏப்ரல் 21, திங்கள்

கீபோர்டையும் மவுஸையும் பையில் போட்டுக் கடைக்கே கொண்டுவந்துவிட்டேன். 88.

போனை வைத்து இயக்குகிறாள். அதற்கு ஆப் இருக்கிறது, சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவள் போனை வாங்கிக்கொண்டேன். “பரிச்சைக்கு வீடியோ பாடமெல்லாம் அதுலதானுங் இருக்குது” என்றாள். புத்தகத்தைப் படி என்றேன். அந்தக் காலத்தில் எல்லாரும் வீடியோ பார்த்தா பாஸ் பண்ணினார்கள்?

மதியம் 86. இரண்டு டிகிரி குறைந்திருக்கிறது. சரியான பாதையில்தான் போகிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அவள் அப்பா சென்னியப்பனுக்குக் காய்ச்சல் என்று கவுந்தப்பாடிக்குப் போய்விட்டு வர அனுமதி கேட்டாள். போகச் சொன்னேன், மனசுக்குள் ஒரு கணக்கோடு. இன்று வீடு காலி. யாரும் இல்லாத வீட்டில் சூடு ஏறாவிட்டால் அவள்தான் என்று முடிவாகிவிடும்.

88 ஏறியது.

ரொம்ப நேரம் யோசித்தேன். அங்கே அவள் தம்பியின் போன் இருக்கிறது. அங்கே இருந்தபடியே இயக்குகிறாள். நான் சோதிப்பது தெரிந்துதான் செய்கிறாள். தன்னைக் குற்றமில்லாதவள் என்று காட்டிக்கொள்ள எவ்வளவு தூரம் போகிறாள், பார்.

ஏப்ரல் 26, சனி

பக்கத்துக் கடை ஷாநவாஸ் டீக்குக் கூப்பிட்டான். சிப் லெவல் வேலையில் ஈரோட்டில் அவனை அடிக்க ஆளில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன பங்காளி, ஒரு மாதிரி இருக்க?” என்றான். வீட்டு மெஷின் சூடாகிறது என்று மட்டும் சொன்னேன்.

“கொண்டாந்து போடு, பாத்துருவோம். அரை மணி நேர வேல.”

வேண்டாம் என்றுவிட்டேன். என் கையால் பூட்டிய மெஷினை இன்னொருத்தன் பிரிப்பதா? அதோடு, இது மெஷின் கோளாறு இல்லை என்று எனக்குத்தான் தெரியுமே.

ஏப்ரல் 29, செவ்வாய்

வீட்டைச் சோதனை போட்டேன். அரிசி டின், துணி அலமாரி, அவள் புத்தகங்களை ஒவ்வொன்றாக உதறி, மெத்தை உறையைக் கூடக் கழற்றி. இரண்டாவது போன் ஒன்று இருந்தே ஆக வேண்டும். கிடைக்கவில்லை. கையைப் பிடித்து, எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். இரண்டு வளையல் உடைந்தது. கண்ணாடி வளையல்தான், வேறு வாங்கிக்கொள்ளலாம்.

உதிர்ந்த புத்தகத் தாள்களைப் பக்க எண் பார்த்து அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் ஒரு தாளில் ரத்தம் பட்டிருந்தது. அதை அப்படியே உரிய இடத்தில் வைத்தாள்.

மே 2, வெள்ளி

உள் அறைக்குப் பூட்டு போட்டேன். சாவி என் அரைஞாண் கயிற்றில். 88.

டூப்ளிகேட் சாவி.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வீட்டில் இருந்தேன். கீபோர்டையும் மவுஸையும் கடையில் இருந்து கொண்டுவந்து மாட்டி உள் அறையில் வேலை பார்த்தேன், ஃபேன் காற்றில் 43. ஹாலில் உட்கார முடியவில்லை, அனல். சிந்துஜா ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது. படிக்கிறாளா, என்னைத் திட்டுகிறாளா தெரியவில்லை.

“சாவி எந்தக் கடைல போட்ட? கொங்காலம்மன் கோயில் வீதியிலயா?” என்றேன்.

“எந்தச் சாவிங்?” என்றாள்.

மே 7, புதன்

ஷாநவாஸின் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி போன் பண்ணினாள். என்ன குழம்பு வைக்க என்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது. இவன் “உன் இஷ்டம் தாயி” என்றான். நான் எழுந்து என் கடைக்கு வந்துவிட்டேன்.

மெஷினை அணைத்துவிடலாமே என்று எனக்கே ஒரு யோசனை வந்தது. ஒயரைப் பிடுங்கினால் தீர்ந்தது. ஆனால் அணைத்துவிட்டால் எப்படிப் பிடிப்பது?

மே 9, வெள்ளி

இன்று முதல் வெளிக்கதவையும் பூட்டிவிட்டுப் போகிறேன். கீழ் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, புள்ள உள்ள இருக்குதே?” என்றார். “பரிச்சைங்க. யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அவளே பூட்டச் சொன்னா” என்றேன். படிக்கிற பிள்ளை என்று மெச்சிக்கொண்டார்.

87.

மே 13, செவ்வாய்

88.

மே 15, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இன்று அவள் ஒப்புக்கொண்டாள்.

சாயந்திரம் கடையில் இருந்து வந்ததும் வாசலிலேயே நின்றாள். “ஹால் டிக்கெட் வந்துருச்சுன்னு பேப்பர்ல போட்ருக்குதுங். ப்ரிண்ட் எடுத்துக் குடுங். நாயித்துக்கெழம பரிச்சை.”

“எடுக்கலாம். மொதல்ல நெசத்தச் சொல்லு.”

“என்ன நெசமுங்? அந்த மிசினத் தொட்டதே இல்லைன்னு எத்தன வாட்டிச் சொல்றது?”

“தொடாமத்தான் எம்பத்தெட்டுப் போகுதா? சொன்னா ப்ரிண்ட்டு. சொல்லாட்டிப் பரிச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

சமையலறைக்குள் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“ஆமாங். நான்தான் போட்டேன்.”

“தெனமுமா?”

“தெனமும்தானுங்.”

“சாவி?”

“அதுவும் பண்ணுனனுங். நீங்க சொன்ன வீதியிலதான்.”

“எதுக்குப் போட்ட?”

“நீங்களே சொல்லுங். எதுக்குன்னு சொல்றீங்களோ அதுக்குத்தானுங்.”

திமிரைப் பாருங்கள். ஆனால் நான் பொறுமையாக இருந்தேன். “எவங்கூடப் பேசுன?” என்றேன்.

இதற்குத்தான் நேரம் எடுத்தாள்.  விரலில் எதையோ எண்ணுவது மாதிரி இருந்தது. கடைசியில், “ரஞ்சித்குமார். காலேஜ்ல கூடப் படிச்சவனுங்” என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? ஐந்து வாரமாக நான் பைத்தியமோ என்று எனக்கே சந்தேகம் வந்துகொண்டிருந்தது. சென்சார் சரி, நான் சரி. கண்ணில் தண்ணீர் கூட வந்துவிட்டது.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். இங்கே சொன்னதை அங்கேயும் சொல்லச் சொன்னேன். சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.  பிறகு, “மாப்ள, நீங்கதான் பெரிய மனசு பண்ணோணுங்” என்றார் சென்னியப்பன்.  பார்க்கலாம் என்றேன்.

“இப்ப ப்ரிண்ட் எடுக்கறீங்களா?” என்றாள்.

சனிக்கிழமை எடுத்துத் தருகிறேன் என்றேன். ஓடியா போகப்போகிறது?

மே 16, வெள்ளி

ஒப்புக்கொண்ட மறுநாளே 88. எவ்வளவு நெஞ்சழுத்தம்!

அவள் கல்லூரியில் கூடப் படித்த ஒருத்தர் இப்போது பேருந்து நிலையம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். என் வாடிக்கையாளர்தான். ரஞ்சித்குமாரின் நம்பர் வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “ரஞ்சித்தா? அவன் செத்து மூணு வருசமாச்சுங்களே. பெருந்துறை ரோட்ல லாரி அடிச்சு. உங்க வீட்லகூட அழுதாங்கன்னு சொன்னாங்களே” என்றார்.

கடைக்குத் திரும்பி வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 17, சனி

“செத்தவன் பேரச் சொல்லி என்னைய ஏமாத்துவியா?”

அவள் மறுக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். “உசுரோட இருக்கறவங்க பேரச் சொன்னா நீங்க போயிச் சண்டை போடுவீங். அவங்க குடும்பம் கெட்டுப்போகும். இல்லாதவன் பேரச் சொன்னா யாருக்கும் சேதாரம் இல்லைன்னு நெனச்சனுங்” என்றாள்.

“அப்ப நெசமான ஆளு யாரு?”

“யாரும் இல்லீங்.”

“மறுபடியும் மாத்திப் பேசற.”

“சரிங். நீங்களே ஒரு பேரு சொல்லுங், ஆமாங்கறேன். ஹால் டிக்கெட்ட மட்டும் குடுத்துருங். கால்ல வேணாலும் உழுகறனுங்.”

விழுந்தாள். நான் தடுக்கவில்லை. ஒப்புக்கொள்வதிலேயே பொய் சொல்கிறவளை எதை வைத்து நம்புவது? ப்ரிண்ட் எடுக்கவில்லை. இது தண்டனை இல்லை. ஒருத்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்றால் நானும் காப்பாற்ற வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

மே 18, ஞாயிறு

விடியும்போதே குளித்து, தலை பின்னி, அந்தப் பச்சை நிறப் பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை. இரண்டு பேனாவை எழுதிப் பார்த்து உள்ளே வைத்தாள். நான் பேப்பர் படித்தேன். தேர்வு தொடங்குகிற நேரம் வந்தது, போனது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் உலை வைத்தாள்.

பகல் முழுக்க மெஷினில் வேலை செய்தேன். 43. நான் இருந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

சாம்பாரில் உப்பு இல்லை.

மே 19, திங்கள்

காலையில் மெஷின் தானாக அணைந்துவிட்டது. கருகின வாடை. உள்ளே ஒரு டாக்டருடைய டிஸ்க் இருக்கிறது, போனால் என் மானமே போய்விடும். வேறு வழி இல்லாமல் ஷாநவாஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

பவர் சப்ளையை மாற்றினான். மெஷின் எழுந்தது. பிறகு மவுஸில் கை வைக்காமல் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தான். நாங்கள் இருவரும் டீ குடித்து முடிப்பதற்குள் ஃபேன் ஊளையிட ஆரம்பித்தது. 60, 75, 88. மவுஸை லேசாகத் தட்டினான். அடங்கிவிட்டது. கையை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஊளை. அவன் வாய் விட்டுச் சிரித்தான்.

“பங்காளி, நீ மவுஸ அசைச்சாப் படுத்துக்குது, விட்டா எந்திரிச்சுக்குது. எவனோ எங்கியோ உக்காந்துக்கிட்டு உன்ற மிசினையும் கரன்ட்டையும் வெச்சு இன்டர்நெட் பணம், அந்தக் கிரிப்டோ காயின், அச்சடிக்கறான். திருட்டு வேல.”

“எப்படி உள்ள வந்துச்சு?”

“இந்தா, நீ போட்ட சூடு பாக்கற சாப்ட்வேரு. கிராக்குலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்குது. சூடு பாக்கறேன்னு நீயே அடுப்பப் பத்த வெச்சிருக்க. பதினோரு வருச சர்வீசு, நல்லா வருவ!” கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். “எத்தன நாளா இப்படி?”

“நேத்துல இருந்துதான்” என்றேன்.

நானும் சிரித்தேன். சிந்துஜா விஷயத்தை இவனிடம் சொல்லாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

கோளாறு: கிராக். தீர்வு: நீக்கப்பட்டது. மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தேன். டாக்டர் டிஸ்க் பத்திரம். சாப்ட்வேரை இந்தத் தடவை காசு கொடுத்தே வாங்கினேன். பழைய ரீடிங்குகளும் அப்படியே வந்துவிட்டன.

மே 20, செவ்வாய்

நாள் முழுக்கக் கடையில். போனில் 41. கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது.

வீட்டுக்குப் போய் ஏதாவது சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். பூ கூட வாங்கினேன். கதவைத் திறந்ததும் அவள் எழுந்து நின்றாள், இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி. எங்கே தொடங்குவது? என்னவென்று சொல்வது? அவள் அப்பாவிடம் என்ன சொல்வது? பதினோரு வருஷமாகச் சேர்த்த பேர். பூவை சாமி படத்துக்குப் போட்டுவிட்டேன்.

தவிரவும் ஒப்புக்கொண்டது அவள்தானே? நானா எழுதிக் கொடுத்தேன்?

மே 21, புதன்

போனில் அந்தச் சூட்டுக் கோட்டை அவளிடம் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. “பாத்தியா? நீ நிறுத்துனதும் எப்படி அடங்கிருச்சு பாரு” என்றேன். கோபமாக இல்லை, சமாதானமாகத்தான் சொன்னேன்.

போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். தேதிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“வெள்ளிக்கெழம வரைக்கும் ஏறியிருக்குது, சனிக்கெழமையும் ஏறியிருக்குது. நாயித்துக்கெழம நீங்க ஊட்ல இருந்தீங். திங்கக்கெழம மிசினத் தூக்கிக்கிட்டுப் போனீங். கொண்டாந்ததுக்கப்பறம் ஏறவே இல்ல.” நிமிர்ந்து பார்த்தாள். “நான் எதையும் நிறுத்தலீங். தொடங்குனாத்தான நிறுத்தறதுக்கு? நீங்கதான் உள்ள இருந்து எதையோ எடுத்துட்டீங். என்னதுங் அது?”

எம்.எஸ்சி. பிசிக்ஸ்.

இதற்கு மேல் இன்று எழுதப் பிடிக்கவில்லை.

மே 22, வியாழன்

காலையில் வெளிக்கதவைப் பூட்ட மறந்துவிட்டேன் போலிருக்கிறது. வந்து பார்த்தால் ஆள் இல்லை. புத்தகங்களையும் பச்சைப் புடவையையும் மட்டும் காணவில்லை. நகை, துணி எல்லாம் அப்படியே இருக்கின்றன.

41.

மே 23, வெள்ளி

சென்னியப்பன் போன் பண்ணினார். “புள்ள இங்க வந்துருக்குதுங் மாப்ள. கன்னமெல்லாம் வீங்கிக் கெடக்குது. மிசின்லதான் கோளாறு இருந்துச்சு, நீங்க அத எடுத்துப்போட்டு மறைக்கறீங்கன்னு சொல்லுதுங். எனக்கு ஒண்ணும் வெளங்கலீங். நெசமுங்களா?”

அவர் குரலில் ஒரு ஆசை இருந்தது. தன் மகள் நல்லவளாக இருந்துவிட மாட்டாளா என்கிற ஆசை. ஒரு நிமிஷம் வாய் வரை வந்துவிட்டது.

“போன்ல வேண்டாமுங் மாமா. நேர்ல வாங்க, காட்டறேன்” என்றேன்.

மே 25, ஞாயிறு

வந்தார். வெயிலில் பஸ் ஏறி வந்து, வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றிவிட்டு. உள் அறையில் உட்காரவைத்தேன். பெரிய ஸ்கிரீனில் கோட்டை முழுசாக விரித்துக் காட்டினேன். ஏப்ரலில் இருந்து மே 17 வரைக்கும் மதியத்துக்கு மதியம் ஏறிய சிகரங்களைக் காட்டினேன். பிறகு ஒரு மேடு கூட இல்லாத கடைசி வாரத்தைக் காட்டினேன்.

“இது அவ இருந்தப்பங் மாமா. இது அவ போனதுக்கு அப்பறம். வெள்ளி, சனி ரெண்டு நாளும் ஊடு காலி. ஒரு வாட்டியாவது ஏறியிருக்குதா, நீங்களே பாருங்.”

கிட்டே போய், ஸ்கிரீனைத் தொடலாமா என்று என்னைப் பார்த்துவிட்டு, அந்த நேர்க்கோட்டின் மேல் விரலை வைத்துக் கடைசி வரை நகர்த்திப் பார்த்தார். ஏதாவது ஒரு மேடு தட்டுப்படாதா என்று தேடுவது தெரிந்தது.

“இது பொய் சொல்லாதுங்களா மாப்ள?”

“சென்சாருங் மாமா. அதுக்கு யாரு மேல என்ன விரோதம்?”

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. “நான் வளத்த புள்ள. உங்க மேலயே பழியத் தூக்கிப் போடுதே. நாளைக்கே கொண்டாந்து உட்டுப்போடறனுங் மாப்ள. இனி அந்தப் புள்ள எங்கூட்டுப் படி ஏறாது” என்று கையைக் கும்பிட்டார்.

மோர் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். நல்ல மனுஷன்.

மே 26, திங்கள்

கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் உட்காராமலேயே போய்விட்டார்.  புத்தகங்கள் எங்கே என்று கேட்டேன். கவுந்தப்பாடியிலேயே எடைக்குப் போட்டுவிட்டார்களாம். கடையில் ஜூன் முதல் தேதியில் இருந்து பில் போட வரட்டும்.

எனக்கும் மனசு இளகிவிட்டது. ஸ்டாண்டு ஃபேனை உள் அறையில் இருந்து எடுத்துவந்து ஹாலில் பழைய இடத்திலேயே வைத்தேன். பிளக்கும் சொருகிவிட்டேன். இனி மெஷினுக்கு அது தேவையில்லை. பிறகு கடைக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்தேன்.

அவள் ஃபேனுக்கு எதிரில், நான் போகும்போது இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது. நெற்றியில் இருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. ஃபேன் ஓடவில்லை.

“கரன்ட் இல்லியா?” என்றேன்.

“இருக்குதுங்.” எழுந்து நின்றாள். “போட்டுக்கட்டுங்களா?”

நான் போனை எடுத்துப் பார்த்தேன். 41.

“போட்டுக்க” என்றேன்.